கரிமா கிருஹ் மானியம்: திட்டம் நல்லது, பணம்தான் பிந்தி வருகிறது

வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட ஒரு திருநருக்கு, அதாவது திருநங்கைக்கோ திருநம்பிக்கோ, அன்று இரவே வேண்டியது சோறு, படுக்கை, உள்ளே தாழ்போட்டுக்கொள்ள ஒரு கதவு. இதை அரசுப் பணத்தில் கொடுப்பதற்காக மத்திய சமூக நீதி மற்றும் அதிகாரமளித்தல் அமைச்சகம் நடத்தும் தங்குமிடத் திட்டம்தான் கரிமா கிருஹ். கரிமா என்றால் மாண்பு. இங்கே எழுதுவது அந்த இல்லத்தில் தங்க வருகிறவர்களுக்காக அல்ல, அதை நடத்த மானியம் கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் சமூக அமைப்புகளுக்காக. அரசு மானியமும் ஒரு சேவைதான். அது எப்படி வேலை செய்கிறது, எங்கே கையைக் கடிக்கிறது என்று தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது.

2020 நவம்பர் 25 அன்று குஜராத்தின் வதோதராவில் ஒரு கரிமா கிருஹ் திறக்கப்பட்டது. திருநர் அடையாளச் சான்றிதழுக்கான தேசிய இணையதளமும் அதே நாளில் தொடங்கியது. முன்னோட்டமாக 12 இல்லங்கள், அதில் தமிழ்நாட்டுக்கும் இடம் கிடைத்தது. ஒவ்வொரு இல்லமும் குறைந்தது 25 பேருக்கு உணவு, தங்குமிடம், மருத்துவ உதவி, திறன் பயிற்சி தர வேண்டும். 2022 பிப்ரவரி 12 அன்று தொடங்கிய ஸ்மைல் என்ற பெரிய திட்டத்துக்குள் இது சேர்ந்தது. அந்தத் திட்டத்துக்கு 2021-22 முதல் 2025-26 வரை 365 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். இந்த 365 கோடி திருநர்களுக்கு மட்டுமானதல்ல, பிச்சை எடுப்பவர்களின் மறுவாழ்வுக்கும் சேர்த்தது. இரண்டையும் ஒரே குடையின் கீழ் வைத்தது தவறான முடிவு என்பதே எங்கள் கருத்து. திருநர் என்றாலே கடை கடையாய்க் கை நீட்டுகிறவர் என்ற பொதுப்புத்திக்கு, அரசே முத்திரை குத்தியதுபோல் ஆகிவிடுகிறது.

ஆனாலும் திட்டத்தின் அடிப்படை சரியானது. இல்லத்தை அரசு அலுவலர் நடத்தாமல் சமூக அமைப்பு நடத்துகிறது. புதிதாக வரும் பிள்ளையிடம் என்ன கேட்கக்கூடாது என்பது தெரிந்தவர்களே கதவைத் திறக்கிறார்கள். சட்டப் பின்புலமும் இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, குடும்பத்தால் கவனித்துக்கொள்ள இயலாத திருநரை மறுவாழ்வு மையத்தில் சேர்க்க நீதிமன்றம் உத்தரவிட வேண்டும் என்கிறது. சேர்ப்பதற்கு மையம் என்று ஒன்று இருந்தால்தானே அந்த வரிக்குப் பொருள் உண்டு. தமிழ்நாடு 2008இலேயே திருநங்கையர் நல வாரியம் அமைத்து எல்லோருக்கும் முன்னோடியாக நின்றது. ஆனால் ஓய்வூதியம், சுயதொழில் மானியம் போன்ற வாரியத்தின் உதவிகள் தனிநபர் கைக்குப் போகிறவை. ஒரு அமைப்பு வாடகை கட்டவும், சமையல் ஆளுக்குச் சம்பளம் போடவும் தருகிற பணம் வேறு வகை. அந்த வகைப் பணம் நம் நாட்டில் மிகவும் அரிது. கரிமா கிருஹின் மதிப்பே அதில்தான் இருக்கிறது.

இனி சிக்கலுக்கு வருவோம். தங்கும் இல்லத்துக்குத் தினமும் செலவு. மானியமோ தவணையாக வருகிறது. தலைக்கு ஒரு நாளைக்கு 100 ரூபாய் சாப்பாட்டுச் செலவு என்று குறைத்துப் போட்டாலும் 25 பேருக்கு 2,500 ரூபாய், மாதத்துக்கு 75,000 ரூபாய். தவணை ஆறு மாதம் தள்ளிப்போனால் மளிகைக் கடையில் மட்டும் நாலரை லட்சம் பாக்கி நிற்கும். வாடகை, மின்கட்டணம், சம்பளம் எல்லாம் இதற்கு மேல். கரிமா கிருஹ்களுக்குப் பணம் மாதக்கணக்கில் தாமதமாவது பத்திரிகைகளில் பலமுறை வந்துவிட்ட செய்தி. எனவே இதை எப்போதாவது நடக்கும் விபத்தாக எண்ண வேண்டாம், நடக்கும் என்றே திட்டமிடுங்கள்.

ஏன் தாமதமாகிறது? மத்திய அரசின் மானியங்கள் எல்லாம் 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளுக்குக் கட்டுப்பட்டவை. வாங்கிய பணத்துக்கு ஜி.எப்.ஆர். 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்றிதழ், அதாவது எல்லோரும் சொல்லும் யூசி, கொடுத்தாக வேண்டும். அடுத்த பணம் அதைப் பார்த்துத்தான் நகரும். முந்தைய தவணையில் மீதி இருந்தால் அதைக் கழித்துக்கொண்டுதான் அடுத்தது வரும். இங்கேதான் பல அமைப்புகள் வழுக்கி விழுகின்றன. தவணை மார்ச் கடைசி வாரத்தில் வங்கிக் கணக்கில் ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மார்ச் 31 அன்று கணக்கை மூடும்போது அந்தப் பணம் முழுவதும் செலவாகாத மீதியாக நிற்கும். உண்மையில் அது மளிகைக்காரருக்கும் வீட்டுக்காரருக்கும் ஏற்கெனவே கொடுக்க வேண்டிய பாக்கி. ஆனால் பாக்கியைக் கணக்கில் காட்டாமல், கையில் வந்தது கையால் கொடுத்தது என்று மட்டும் கணக்கு எழுதினால், காகிதத்தில் நீங்கள் பணத்தை வைத்துக்கொண்டு செலவழிக்காத அமைப்பாகத் தெரிவீர்கள். அதனால் பாக்கி பில்களை மாதாமாதம் கொடுக்கவேண்டிய தொகையாகக் கணக்கில் ஏற்றச் சொல்லி ஆடிட்டரிடம் முதல் மாதத்திலேயே பேசிவிடுங்கள். மார்ச்சில் போய்ச் சொன்னால் பயன் இல்லை.

இடைப்பட்ட காலத்தில் உறுப்பினர்கள் கைக்காசு போட்டு ஓட்டுவது வழக்கம். மோதிரத்தை அடகு வைத்து அரிசி வாங்கிப் போடும் அம்மாக்கள் இந்தச் சமூகத்தில் எப்போதும் உண்டு. அந்த அன்பைக் கொண்டாட வேண்டும், கணக்கிலும் எழுத வேண்டும். கைமாற்றாக வரும் பணம் வங்கி வழியாக அமைப்பின் கணக்குக்கு வரட்டும். வட்டியில்லாக் கடன் என்று நிர்வாகக் குழுத் தீர்மானம் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்து வாங்கி வையுங்கள். இது இல்லாமல் பின்னால் மானியம் வந்ததும் உறுப்பினர் ஒருவருக்கு இரண்டு லட்சம் திருப்பிக் கொடுத்தால், தணிக்கையில் அது பொறுப்பாளரே பணத்தை எடுத்துக்கொண்டதுபோலத்தான் தெரியும்.

முன்பெல்லாம் இந்த இடைவெளியை வெளிநாட்டு நன்கொடை நிரப்பியது. 2020இல் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தைத் திருத்திய பிறகு, அனுமதி பெற்ற பெரிய நிறுவனம் அந்தப் பணத்தை இன்னொரு சிறிய அமைப்புக்குக் கைமாற்றிவிட முடியாது. நிர்வாகச் செலவுக்கான உச்ச வரம்பும் 50 சதவீதத்திலிருந்து 20க்கு இறங்கியது. 2025 தொடக்கத்தில் அமெரிக்க உதவி நிறுத்தப்பட்டபோது, ஐதராபாத், கல்யாண், புனே நகரங்களில் திருநர்களுக்காக இயங்கிய மித்ர் மருத்துவ மையங்களே மூடப்பட்டன. ஆகவே உள்நாட்டு அரசுப் பணம் நேரத்துக்கு வருவது இன்று முன்னைவிடப் பல மடங்கு முக்கியம்.

விண்ணப்பத்துக்கு முன் எடுத்து வைக்க வேண்டிய காகிதங்களைப் பார்ப்போம். சங்கப் பதிவு அல்லது அறக்கட்டளைப் பத்திரம், அமைப்பின் பான், தொண்டு அமைப்புகளுக்கான வருமான வரிப் பதிவு, தணிக்கை செய்த வரவு செலவு, தொண்டு அமைப்புகளைப் பதியும் நிதி ஆயோக்கின் என்ஜிஓ தர்பண் தளத்தின் எண், அரசுப் பணப் பட்டுவாடாவைக் கண்காணிக்கும் பிஎஃப்எம்எஸ் தளத்தில் பதிவு. மானியத்துக்கெனத் தனி வங்கிக் கணக்கும் வேண்டும். அதில் சேரும் வட்டி உங்களுடையது அல்ல, கணக்கு முடிந்ததும் அரசுக்கே திருப்பிக் கட்ட வேண்டியது. பழைய கணக்கோடு கலந்துவிட்டால் எது எந்தப் பணத்தின் வட்டி என்று பிரிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

இதில் மற்ற அமைப்புகளுக்கு வராத, நம் அமைப்புகளுக்கு மட்டும் வரும் தடை ஒன்று உண்டு: பெயர். தர்பணில் பொறுப்பாளர்களின் பானும் ஆதாரும் கேட்கும். தலைவியின் பானில் பிறந்தபோது வைத்த ஆண் பெயர், ஆதாரில் இன்றைய பெயர், சங்கத் தீர்மானத்தில் ஜமாத்தில், அதாவது திருநங்கையர் குழுவில், வழங்கும் மூன்றாவது பெயர். கணினிக்கு இவர்கள் மூன்று ஆட்கள். வங்கியில் கூட்டுக் கையெழுத்து மாற்றப் போனாலும் இதே கதைதான். சரிசெய்யும் வரிசை மாறக்கூடாது. முதலில் தேசிய இணையதளத்தில் விண்ணப்பித்து மாவட்ட ஆட்சியரின் திருநர் சான்றிதழ். விதிப்படி இதற்கு 30 நாள், ஆனால் இரண்டு மூன்று மாதம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். அதைக் காட்டி ஆதார், ஆதாரைக் காட்டி பான், பிறகு வங்கி, கடைசியில் தர்பண். பானிலும் திருநர் என்று குறிக்கும் வசதி 2018 முதல் இருக்கிறது. அப்பாவின் பெயர், முதலெழுத்து, புள்ளி, இடைவெளி வரை ஒன்றாக இருக்க வேண்டும். பொறுப்பாளர்கள் எல்லோருக்கும் இது முடியாமல் விண்ணப்பப் பக்கத்தைத் திறக்கவே வேண்டாம்.

பில் விஷயத்தில் கறாராக இருங்கள். காய்கறி வண்டிக்காரர் பில் தரமாட்டார். அதற்காகக் கணக்கு எழுதாமல் விடக்கூடாது. தேதி, பொருள், எடை, தொகை எழுதிய கைச்சீட்டில் அவரிடம் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கி, அன்றைய இருப்புப் பதிவேட்டின் பக்க எண்ணை மூலையில் குறித்துவிடுங்கள். 5,000 ரூபாய்க்கு மேல் ரசீது என்றால் ஒரு ரூபாய் வருவாய் முத்திரை வில்லை (ரெவின்யூ ஸ்டாம்ப்) ஒட்ட வேண்டும். ஒரே நாளில் ஒரே ஆளுக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரியில் அது அறக்கட்டளைச் செலவாக நிற்காது. எனவே மளிகைப் பாக்கியை மொத்தமாக அடைக்கும்போது காசோலையோ வங்கிப் பரிமாற்றமோதான். மருந்துக்கு ஒதுக்கியதை மருந்துக்கே செலவழியுங்கள். ஒரு தலைப்பில் குறைந்து இன்னொன்றில் கூடினால், செலவழித்த பிறகு விளக்கம் எழுதுவது கடினம், முன்பே எழுத்தில் அனுமதி கேட்பது எளிது.

வீட்டு அட்வான்ஸை மறந்துவிட்டுத்தான் பலர் திட்டம் போடுகிறார்கள். 25 பேர் தங்கும் வீட்டுக்கு 40,000 ரூபாய் வாடகை, பத்து மாத அட்வான்ஸ் என்று வீட்டுக்காரர் கேட்டால் 4 லட்சம். அது திரும்பி வரும் பணம் என்பதால் செலவுக் கணக்கில் சேராது. அமைப்பே சொந்தமாகப் புரட்ட வேண்டும். திருநர் இல்லம் என்றதும் வாடகையைக் கூட்டிக் கேட்பதும், அக்கம்பக்கத்தார் எதிர்ப்பால் ஒரே ஆண்டில் வீட்டை மாற்ற நேர்வதும் உண்டு. ஒப்பந்தத்தில் அமைப்பின் பெயரையும், எதற்காக எடுக்கிறோம் என்பதையும் ஒளிக்காமல் எழுதி, குறைந்தது மூன்று ஆண்டுக்குப் பதிவு செய்யுங்கள். பதிவுச் செலவு கூடும்தான். ஆனால் இரவோடு இரவாகக் காலி செய்யச் சொல்ல வருகிறவரிடம் காட்ட ஒரு காகிதம் கையில் இருக்கும்.

யார் இந்தக் குடைக்கு வெளியே நிற்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். திட்டத்தின் மொழி திருநர் என்பதோடு நிற்கிறது. வீட்டில் அடித்துப் பூட்டிவைக்கப்பட்ட ஒரு தன்பாலீர்ப்புப் பெண் தப்பி வந்தால் அவளுக்கு இடம் எங்கே? 2021 ஜூன் 7 அன்று சுஷ்மா வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், கரிமா கிருஹ் உள்ளிட்ட தங்குமிடங்களைப் பால்புதுமையர் (தன்பாலீர்ப்பாளர், திருநர் உள்ளிட்டோர்) அனைவரையும் ஏற்கும்படி மாற்ற வேண்டும் என்று தெளிவாகவே எழுதினார். மானியம் கேட்கும் அமைப்புகள் இந்தத் தீர்ப்பின் நகலை விண்ணப்பத்தோடு இணைப்பது நல்லது. பிறப்பில் பெண் எனக் குறிக்கப்பட்டு ஆணாக வாழும் திருநம்பிகளின் தேவையும் தனி. திருநங்கையரை மனதில் வைத்து அமைந்த வீட்டில், மார்பில் இறுக்கக் கச்சை அணியும் பையனுக்கு உடைமாற்றத் தாழ்ப்பாள் உள்ள ஓர் அறையும், மாதவிடாய்க் காலத்துக்குக் குளியலறைக்குள்ளேயே ஒரு குப்பைக் கூடையும் வேண்டும். இரண்டுக்கும் சேர்த்துச் சில ஆயிரம் ரூபாய் ஆகுமா? அதை வரவு செலவுத் திட்டத்தில் முதலிலேயே எழுதிவிடுங்கள்.

மாற்று வழிகளும் உண்டு. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கங்கள் எச்.ஐ.வி. தடுப்புக்காகச் சமூக அமைப்புகளுக்குத் தரும் இலக்குநோக்குத் திட்டம் பழையது, நடைமுறை பழகியது. ஆனால் அங்கே எத்தனை பேரைப் பார்த்தீர்கள், எத்தனை பேருக்குப் பரிசோதனை என்பதுதான் கணக்கு. தங்க இடம் கேட்டு வந்தவருக்கு அந்தப் பணத்தில் ஒரு படுக்கைகூடப் போட முடியாது. பெண்களுக்கான சக்தி சதன் இல்லங்கள் மத்திய அரசின் மிஷன் சக்தி திட்டத்தின் கீழ் மாநில அரசுகள் வழியாக நடக்கின்றன. மாநிலமும் பங்கு போடுவதால், கேள்வி கேட்க மாவட்டத்திலேயே ஒரு அலுவலகம் இருக்கிறது. கரிமா கிருஹுக்கோ எல்லாவற்றுக்கும் டெல்லியைப் பார்க்க வேண்டியிருக்கிறது. மாநில அரசும் பங்கு போட்டு, ஆறு மாதப் பணத்தை முன்கூட்டியே தரும் ஏற்பாடு வந்தால் இந்தத் திட்டத்தின் பாதி வேதனை தீரும்.

கையில் ஆறு மாதச் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் வழி உள்ள அமைப்பு தாராளமாக விண்ணப்பிக்கலாம். அது இல்லாதவர்கள் இரண்டு மூன்று அமைப்புகளாகப் பேசி, முன்பணத்தைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டை எழுத்தில் முடித்துவிட்டு இறங்குங்கள். மானியத்தை அனுமதிக்கும் ஒப்பளிப்பு ஆணை வந்த அன்றே மூன்று இடங்களில் கோடு போடுங்கள்: எந்த நிதியாண்டுக்கான பணம், எந்தத் தேதியிலிருந்து செய்த செலவு ஏற்கப்படும், யூசி யாருக்கு எப்போது போக வேண்டும். அந்தத் தேதிக்கு முன் வாங்கிய கட்டிலும் பாத்திரமும் உங்கள் சொந்தச் செலவு. பின்னால் வாங்கியவை அரசுப் பணத்துச் சொத்து. இரண்டையும் தனித்தனிப் பதிவேட்டில் எழுதி, அரசுப் பணத்தில் வாங்கிய ஒவ்வொரு கட்டிலின் காலிலும் பெயின்ட்டால் எண் போட்டுவிடுங்கள்.