பழைய ரிக்கார்டு பிளேயர் செட்டு வாங்கப் போறவங்க ஒரு நிமிஷம் நில்லுங்க (18,500 ரூவா போச்சு)

ரொம்ப வெப்ராளத்துல எழுதுறேன், எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காதீங்க. 18,500 ரூவா. வீட்டுப் பொறத்தால நிக்கிற ரப்பர்ல ஷீட்டு அடிச்சு வித்துச் சேத்த பைசா, வானத்துல இருந்து விழுந்தது இல்ல. செட்டு கைக்கு வந்து இன்னைக்கு 11 நாள் ஆச்சு, அதுல உருப்படியா ஒரு பாட்டு கேக்கல.

எங்க அப்பா கன்னியாகுமரி மாவட்டத்துல கருங்கல்ங்கிற ஊரு பக்கம் மைக் செட்டு வச்சிருந்தாவ. கல்யாண வீடு, கோயில் கொடை, சர்ச் திருநாள் எல்லாத்துக்கும் தென்னை மரத்துல குழாய் ஸ்பீக்கர் கட்டி ரிக்கார்டு போட்ட ஆளு. கேசட்டு வந்த பொறவு தொழில் படுத்துது, ஆம்ப்ளிபயரு, குழாயி, ஜெனரேட்டரு ஒண்ணொண்ணா வித்துட்டாவ, ரிக்கார்டு மட்டும் விக்கல. ஒரு தகரப் பெட்டி நெறய இருக்கு, நிமிஷத்துக்கு 45 சுத்து ஓடுற சின்னத் தட்டு பாதி, பெரிய எல்பி பாதி, எச்எம்வி நாய் படம் போட்டதுதான் கூட. வருஷத்துக்கு ஒருக்க எடுத்து தொடச்சு திருப்பி அடுக்கி வைப்பாவ, கேக்க மெஷின் கிடையாது. வர்ற மாசம் அப்பாவுக்கு 75 வயசு. சரி, ஒரு பிளேயரும் ஆம்பும் ரெண்டு ஸ்பீக்கரும் வாங்கிக் குடுப்போம்னு நெனச்சேன், பட்ஜெட்டு 20 ஆயிரம். எனக்கு இந்த ஆடியோ சமாச்சாரம் ஒரு எளவும் தெரியாது, அதான் மாட்டினேன்.

பழைய ஆடியோ சாமான் விக்கிற ஒரு ஆன்லைன் பேஜு. பேரு சொல்லல, பார்டர் தாண்டி கடையும் இருக்காம், போட்டோ எல்லாம் மஞ்ச லைட்டு போட்டு, பின்னால மரப்பலக, பாத்தாலே வாங்கத் தோணும். "பிகினர் செட், இம்போர்ட்டட் டர்ன்டேபிள், ஆம்ப், ஸ்பீக்கர், பிளக் அண்ட் பிளே"ன்னு போட்டிருந்தான், வெல 22,000. மெசேஜ் போட்டேன், அஞ்சு நிமிஷத்துல போன் வந்துட்டு.

நான் எங்க விழுந்தேன்னு சொல்றேன் கேளுங்க. வெலயப் பத்தி அவன் மொதல்ல பேசவே இல்ல. "யாருக்கு அண்ணே வாங்குறீங்க"ன்னு கேட்டான். அப்பாவப் பத்தி சொன்னேன். உடனே "அப்பா மைக் செட்டா அண்ணே, என் தாத்தாவும் அதே தொழில்தான், சின்ன வயசுல அவரு கூட வண்டில போய் குழாய் கட்டிருக்கேன்"னான். பொறவு என்னென்ன ரிக்கார்டு இருக்கு, எப்படி வச்சிருக்கீங்க, பூஞ்சை புடிக்காம பாத்துக்கிடுங்க, படுக்க வைக்காதீங்க நிறுத்தி வைங்கன்னு இருபது நிமிஷம் பேசினான். நம்ம வீட்டு ஆளு மாதிரி. கடைசில "அப்பாவுக்குன்னு சொல்லிட்டீங்க, 18,500 குடுங்க போதும், இதுல எனக்கு ஒண்ணும் நிக்காது"ன்னான். எனக்கு கண்ணு கலங்கிட்டு, உண்மைய சொல்றேன். அந்தத் தாத்தா நெசமாவே இருந்தாரோ, ஆள் ஆளுக்கு ஒரு தாத்தாவ எறக்குவானோ, யாருக்குத் தெரியும்.

வீடியோ கேட்டேன், அனுப்பினான். தட்டு சுத்துது, ஊசி ஏறுது, பாட்டு கேக்குது. ஆனா போட்டது ஏதோ இங்கிலீஷ் பாட்டு, நான் ஜென்மத்துல கேட்டது இல்ல. அது சரியாத்தான் பாடுதா, இழுக்குதான்னு எனக்கு எங்கெருந்து தெரியும்? தமிழ்ப் பாட்டு ஒண்ணு போட்டுக் காட்டுன்னு கேக்கணும்னு அப்ப தோணல. 5,000 அட்வான்ஸ், பார்சல் போடுறதுக்கு முன்ன 13,500, ரெண்டும் அவன் சொந்த நம்பருக்கு ஜிபே. பில்லு கேட்டதுக்கு துண்டுப் பேப்பர்ல கையால எழுதி போட்டோ எடுத்து அனுப்பினான். அதுக்கும் தேங்ஸ் சொன்னேன் நான்.

தக்கலைல பார்சல் ஆபீஸ்ல போய் எடுத்து, ஆட்டோவுல மடில வச்சுக் கொண்டு வந்தேன். அப்பா வேட்டி மாத்திட்டு ரெடியா இருந்தாவ. பெட்டி தொறந்தா பிளேயரு கூட செங்கல் கனத்துக்கு ஒரு டிரான்ஸ்பார்மரு. அது என்னத்துக்குன்னு போன்ல கேட்டா "இம்போர்ட்டட் செட்டுல்லா அண்ணே, அதுல சொருகித்தான் ஓட்டணும், சேப்டிக்கு"ன்னான். பிளக் அண்ட் பிளேன்னு சொன்ன ஆளு. சரி சொருகியாச்சு. பிளேயர் வயர ஆம்புக்குப் பின்னால ஆக்ஸ்னு போட்டதுல மாட்டினோம், அப்பா பெட்டிக்குள்ள இருந்து சுசீலாம்மா பாட்டு ஒண்ண எடுத்து, ரெண்டு வெரல்ல விளிம்ப மட்டும் புடிச்சு வச்சாவ.

சவுண்டே இல்ல. வால்யூம முக்கால் வாசி ஏத்தினா கொர்ர்னு ஒரு எரைச்சல், அதுக்கு அடியில கொசு பாடுற மாதிரி பாட்டு. காத வச்சுக் கேட்டா சுசீலாம்மா குரல் ஆம்பளக் குரல் மாதிரி இருக்கு. நான் அப்பா மொகத்தப் பாக்கேன். அப்பா ஒண்ணும் சொல்லல, கண்ண மூடி கொஞ்ச நேரம் நின்னாவ, பொறவு "மக்கா, இது பைய ஓடுது. சுருதி ஒண்ணரக் கட்ட எறங்கிருக்கு"ன்னு சொன்னாவ. தீப்பெட்டி அட்டைல ஒரு துண்டு கிழிச்சு தட்டு ஓரத்துல வச்சு, "மொபைல்ல ஒரு நிமிஷம் வை, நான் எண்ணுறேன்"னாவ. எல்பின்னா நிமிஷத்துக்கு 33 சுத்து, அதுக்கு மேல ஒரு மூணுல ஒரு பங்கு. அப்பா எண்ணினது 28. ரெண்டாந்தடவையும் 28. சர்க்கஸ்ல ராட்டினம் சுத்துற மாதிரி அந்த அட்டை எங்க கண்ணு முன்னால போயிட்டே இருக்கு, எனக்கு வயிறு கலங்குது.

இத அவன்கிட்ட சொன்னதுக்கு என்ன சொன்னான் தெரியுமா? "அண்ணே வினைல்னாலே அப்படித்தான், அதுதான் வார்ம் சவுண்டு, நீங்க மொபைல்ல கேட்டுப் பழகிட்டீங்க." குரல் எறங்குறதுக்குப் பேரு வார்மாம். நாப்பது வருஷம் முன்ன மூணு தாலுகாவுக்கு ரிக்கார்டு போட்ட மனுஷன்கிட்ட வார்ம் சவுண்டு சொல்லித் தர்றான் களவாணிப்பய.

அடுத்த நாள் "உங்க ஊரு கரண்டு சரியில்ல"ன்னான். அதுக்கு அடுத்த நாள் "பெல்ட்டு செட் ஆகணும், ரெண்டு நாள் சும்மா ஓட விடுங்க". பொறவு "மெக்கானிக் லீவு". பொறவு "டிரான்ஸ்பார்மர் வேற அனுப்புறேன், அதுல சரியாயிடும்". பொறவு நீல டிக்கு மட்டும். பொறவு "பழைய பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது, பேஜுல போட்டிருக்கோம்". போய்ப் பாத்தா நெசமாவே போட்டிருக்கான், எறும்பு எழுத்துல. இப்ப போனு ஸ்விட்ச் ஆப். அன்னைக்கு எங்கிட்ட இருபது நிமிஷம் பேசின ஆளுக்கு இப்ப ஒரு நிமிஷம் இல்ல.

தக்கலைல எங்களுக்குத் தெரிஞ்ச பழைய ரேடியோ மெக்கானிக் ஒருத்தரு உண்டு, அப்பாவுக்கு அந்தக் காலத்துப் பழக்கம். ஆட்டோவுல எல்லாத்தையும் தூக்கிட்டுப் போனோம். அவரு சாயா குடிச்சுட்டே பிளேயர கவுத்தாரு. அடியில பளபளன்னு "செக்டு அண்ட் பாஸ்டு"ன்னு இந்தப் பேஜுக்காரன் ஒட்டின ஸ்டிக்கர். நகத்தால பைய உரிச்சாரு, உள்ள தகட்டுல அச்சடிச்சு இருக்கு: 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். சரியா அந்த எடத்த மறச்சுத்தான் ஸ்டிக்கர் ஒட்டிருக்கான். தெரியாமப் பண்ணினதா இருக்குமான்னு அதுவரைக்கும் ஒரு ஓரத்துல எனக்கு சந்தேகம் இருந்துது, அந்த எடத்துல அதுவும் போச்சு.

மெக்கானிக் சொன்னது இதுதான். நம்ம ஊரு கரண்டு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 துடிப்பு. டிரான்ஸ்பார்மர் வோல்ட்ட மட்டுந்தான் கொறைக்கும், ஹெர்ட்ஸ ஒண்ணும் பண்ணாது. இதுல இருக்க மோட்டாரு கரண்டு துடிப்பப் பாத்து ஓடுற ஏசி மோட்டாரு, 60ல ஓட வேண்டியத 50ல ஓட்டினா ஆறுல ஒரு பங்கு வேகம் போயிடும். 33க்கு 28. அப்பா அட்டையில எண்ணினது புள்ளி மாறாம. டிசி மோட்டாரு உள்ள பிளேயருக்கு இந்தப் பிரச்சன இல்லியாம். எத்தன டிரான்ஸ்பார்மர் மாத்தினாலும் இது சரியான வேகத்துல ஓடாதுன்னு வித்தவனுக்குத் தெரியாமலா இருக்கும்?

அடுத்தது சவுண்டு. ஊசில இருந்து வர்ற சிக்னல் சில மில்லிவோல்ட்டுதான், ஆக்ஸ்ல அது பத்தாது. அதுவும் இல்லாம ரிக்கார்டு வெட்டும்போதே பாஸ்ங்கிற அடிச் சவுண்டக் கொறச்சு, ட்ரெபிள்ங்கிற கீச்சுச் சவுண்டக் கூட்டித்தான் வெட்டுவாங்களாம், அதத் திருப்பி சரி பண்றதுக்கு போனோ ஸ்டேஜுன்னு ஒண்ணு வேணும். ஒண்ணு பிளேயருக்குள்ள இருக்கணும், இல்ல ஆம்புல போனோன்னு தனி ஓட்டை இருக்கணும், அதுவும் இல்லன்னா தனியா ஒரு சின்னப் பெட்டி வாங்கி நடுவுல மாட்டணும். நம்ம செட்டுல மூணும் இல்ல. ஆம்புன்னு தந்தது முன்னால ப்ளூடூத்தும் பென்டிரைவும் சொருகுற லோக்கல் அசெம்பிளி. பிகினர் செட்டாம்.

ஸ்பீக்கர் துணிய ஒட்டி வச்சிருந்தான், பிரிச்சா உள்ள கோன்னு சொல்ற கூம்பச் சுத்தி இருக்க நுரை, வெரல் வச்சதும் பழைய பப்படம் மாதிரி நொறுங்குது.

ஊசி விஷயந்தான் அப்பாவால தாங்க முடியல. ஊசி மாட்டுற தலை மேல கறுப்பு டேப்பு சுத்தி இருந்துது, நாங்க டிசைன்னு நெனச்சோம். மெக்கானிக் டேப்பப் பிரிச்சா உள்ள ஒரு ரூவா காசு. ஊசி தேஞ்சு போய் தட்டுல துள்ளுது, துள்ளாம இருக்க காச வச்சு அமுக்கிருக்கான். ரெண்டு கிராம் பக்கம் அழுத்தம் போதும்ங்கிற ஊசிக்கு ஒரு காசு கனம் மேல ஏத்தினா பள்ளத்த உழுதுரும்லா. அப்பா சொன்னாவ, "கல்யாண வீட்டுல பாதி ராத்திரி ஊசி துள்ளினா நாங்களும் காசு ஒட்டிருக்கோம். அது பந்தல்ல மானம் காக்க. விக்கிற சாமான்லயா ஒட்டுவான்?" வீட்டுல அந்த சுசீலாம்மா தட்ட மூணு தடவ ஓட்டியாச்சு. ஓடின எடம் சாம்பல் பூத்த மாதிரி வெளுத்துக் கெடக்கு, மெக்கானிக் வேற நல்ல பிளேயர்ல போட்டுப் பாத்தாரு, "ச" வர்ற எடமெல்லாம் ஸ்ஸ்னு கிழியுது. 18,500 இன்னைக்கு இல்லன்னா நாளைக்கு சம்பாதிச்சுக்கலாம், அந்தத் தட்டுக்கு எங்க போவேன்.

புகார் 1915ங்கிற நுகர்வோர் ஹெல்ப்லைன்ல சொல்லியாச்சு, நம்பர் குடுத்திருக்காங்க. நாகர்கோவில் நுகர்வோர் கமிஷனுக்கும் எழுதிட்டு இருக்கேன், 5 லட்சத்துக்குள்ளன்னா பீஸ் இல்லியாம், ரெண்டு வருஷத்துக்குள்ள போடணுமாம். அந்தத் துண்டுப் பேப்பர், ஜிபே ஸ்கிரீன்ஷாட்டு, உரிச்ச ஸ்டிக்கர், ஒரு ரூவா காசு எல்லாத்தையும் கவர்ல போட்டு வச்சிருக்கேன். அவன் அனுப்பின வாய்ஸ் மெசேஜ் ஒண்ணுகூட அழிக்கல.

எதெல்லாம் பாத்து வாங்கணும்னு வெலாவாரியா எழுதணும்னுதான் ஒக்காந்தேன், இப்ப கை நடுங்குது, ஓர்மைல இருக்கத மட்டும் சொல்றேன். அடியில தகட்டப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க, 220 - 240 வோல்ட் 50 ஹெர்ட்ஸ் இருக்கணும், சவுதில இருந்து மாமா கொண்டு வந்ததுன்னாலும் பாருங்க அங்க 60, துபாய்னா 50, ஜப்பான் செட்டு 100 வோல்ட்டு. ஒங்களுக்கு மனப்பாடமான பாட்டப் போட்டுக் காட்டச் சொல்லுங்க. போனோ எங்க இருக்குன்னு கேளுங்க, அதுக்கு அவன் முழிச்சா போன வச்சிருங்க. ஊசி புதுசுன்னா பில்லு கேளுங்க. மெக்கானிக் சொல்றாரு, மொதல்முறை வாங்குறவன் பழச நோண்டாம ஆடியோ டெக்னிகா எல்பி60எக்ஸ் மாதிரி புதுசு ஒண்ணும், ஆம்பு உள்ளேயே இருக்க ஸ்பீக்கர் ரெண்டும் வாங்கினாப் போதும், அதுல போனோ உள்ளயே இருக்கு, ஊசிக் கையும் தானா ஏறி எறங்கும். 33ம் 45ம்தான் ஓடும், 78 அரக்குத் தட்டு வச்சிருக்கவங்களுக்கு அது ஆகாது, அதுக்கு ஊசியே வேற தடிமன். முழுப் பைசாவ முன்னாடியே போடாதீங்க, நேர்ல போய்ப் பாருங்க, பஸ்ஸுக்கு நூறு ரூவா ஆனாலும் போங்க. தாத்தா கத சொன்னா ஓடிருங்க.

செட்டு இப்ப மாடில துணி போட்டு மூடி இருக்கு. மெக்கானிக் போற போக்குல ஒண்ணு சொல்லிட்டாரு, மோட்டார் தலைல இருக்க கப்பிய 60க்கு 50ங்கிற கணக்குல கொஞ்சம் பெருசா லேத்துல கடஞ்சு மாட்டினா வேகம் சரியாயிடும்னு. அதுல இருந்து அப்பா விட மாட்டேங்காவ. புகார் முடியுற வரைக்கும் அதுல ஒரு ஆணியக் கூடத் தொடக்கூடாது, தொட்டா அவன் நம்ம மேலயே பழியப் போடுவான்னு கால் புடிக்காத கொறையா சொல்லி வச்சிருக்கேன். சரி சரின்னாவ. இப்ப மேல போய்ப் பாத்தா துணி ஒரு பக்கம் வெலகிக் கெடக்கு, ஸ்குரூ டிரைவர் அப்பா சட்டப் பாக்கெட்டுல இருக்கு.