சுத்துற கம்பா, ஊன்றுற கம்பா? எழுகடல் தெருப் பக்கம் ஒரு பித்தளைப் பட்டறை

மகள் ஆறாம் வகுப்பில் தொடங்கி ப்ளஸ் டூ முடிக்கும்வரை ஒரே வாத்தியாரிடம்தான் சிலம்பம் படித்தாள். மதுரை வில்லாபுரம் பக்கம் ஒரு காலி மனை. பிள்ளைகளுக்கு அவர் ‘மாஸ்டர்’, எனக்கு வாத்தியார். பகலெல்லாம் ஆட்டோ ஓட்டுவார், சாயங்காலம் ஆறு மணிக்கு வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் கம்போடு இறங்குவார். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டியில் சிலம்பம் காட்சி விளையாட்டாக வந்தபிறகு மனையில் நிற்க இடமில்லாத அளவுக்குக் கூட்டம். மாதச் சம்பளம் மட்டும் அதே 300 ரூபாய்.

மகள் இந்த வருடம் கோயம்புத்தூரில் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். பூஜை லீவுக்கு வரும்போது அவருக்கு ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்று பிடிவாதம்.

முதலில் நான் செய்தது வெட்டிச் செலவு. ஒரு கடையில் 750 ரூபாய்க்கு ஷீல்டு ஆர்டர் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தால் உச்சியில் தங்கக் கலர் பொம்மை ஒன்று காலைத் தூக்கி கராத்தே உதை விட்டுக்கொண்டிருக்கிறது. கம்பு பொம்மை இல்லையா என்று கேட்டால், “எல்லாம் சண்டைதானேம்மா” என்றார் கடைக்காரர். அது இப்போது எங்கள் வீட்டு டிவி ஸ்டாண்டில் இருக்கிறது.

அடுத்து வேட்டி துண்டு. விளக்குத்தூணில் இறங்கும் முன் வாத்தியார் வீட்டம்மாவுக்கு போன் போட்டேன், நல்லவேளை. “அக்கா, வேட்டி மட்டும் வேண்டாம். பீரோவுல பிரிக்காமலே எட்டு கிடக்கு” என்றது அந்தப் பிள்ளை. புதுக் கம்பு வாங்கலாமா என்றேன். சிரித்தது. சிலம்பக் கம்பு அவரவர் புருவ உயரத்துக்கு நிற்கவேண்டும், எடை கைக்குப் பழகவேண்டும். அவர் கம்பை அவர்தான் பார்த்து எடுப்பார். ஆனால் அந்தப் பிள்ளைதான் யோசனையும் சொன்னது. அவருடைய பழைய பிரம்பு முனை பிரஷ் மாதிரி நார் நாராகப் பிரிந்துவிட்டதாம். சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றி, அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார். “அதுக்கு ஒரு பூண் போட்டுக் குடுங்க.” பூண் என்றால் முனை பிரியாமல் இருக்க மாட்டும் பித்தளை வளையம்.

வாத்தியார் ஆட்டோ சவாரிக்குப் போயிருந்த நேரத்தில் கம்பு என் கைக்கு வந்தது. டவுன் பஸ்ஸில் அதைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து, “உங்களுக்கு டிக்கெட் இல்ல, கம்புக்கு எடுக்கணுமே” என்றார் கண்டக்டர். பித்தளை என்றதும் பழைய நினைப்பில் மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே இருக்கும் புது மண்டபத்துக்குத்தான் கால் போனது. அங்கிருந்த கடைகளை எல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்பது மண்டபத்து வாசலில் நிற்கும்போதுதான் ஞாபகம் வந்தது. அப்புறம் மொட்டையாக நிற்கும் ராய கோபுரத்தைத் தாண்டி, எழுகடல் தெருவில் இரண்டு பாத்திரக் கடைகளில் விசாரித்து, ஒரு சந்துக்குள் இந்தப் பட்டறையைப் பிடித்தேன். பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் கைப்பிடி போன குத்துவிளக்குகளும் ஒரு கோயில் மணியும் கிடக்கும், அதுதான் அடையாளம்.

பட்டறைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். கம்பை வாங்கிப் பார்த்தவர் விலை சொல்லவில்லை. “ஏம்மா, இது சுத்துற கம்பா, ஊன்றுற கம்பா?” என்றார்.

சுத்துறது என்றேன். அப்படியென்றால் கனமாகப் போடக் கூடாதாம். தாத்தாக்கள் ஊன்றும் தடிக்குத் தடித்த பூண். சுற்றுகிற கம்புக்கு மெல்லிய தகட்டைக் குழாயாகச் சுருட்டி, இணைப்பைப் பற்றவைத்து, அரம் போட்டு வழவழப்பாக்க வேண்டும். ஆணி அடிக்கவில்லை. கம்பு கைக்குள் ஓடும்போது ஆணித் தலை கிழித்துவிடும் என்று அரக்கை உருக்கி உள்ளே விட்டுத்தான் இறக்கினார். நான் அசந்துபோனது தராசில்தான். ஒரு பூண் 14 கிராம், இன்னொன்று 16. கனமானதை எடுத்து மறுபடி ராவினார். “ஒரு பக்கம் இழுத்துச்சுன்னா உங்க வாத்தியார் என்னையத்தான் வைவாரு.”

இரண்டு முனைக்கும் சேர்த்து 480 ரூபாய். பில் கிடையாது, ஜிபே கிடையாது. இதெல்லாம் பரவாயில்லை. ஆனால் சாயங்காலம் தருகிறேன் என்றவர் மறுநாள் மதியம்தான் கொடுத்தார். அந்த ஒரு ராத்திரி வாத்தியார் கம்பைக் காணோம் என்று வீட்டையே புரட்டியிருக்கிறார். பாவம், அந்தப் பிள்ளை எத்தனை பொய் சொன்னதோ. ஒரு பூணின் விளிம்பும் கொஞ்சம் கூராக இருந்தது. விரலால் தடவிப் பார்த்துச் சொன்னதும் தேய்த்துக் கொடுத்தார். நான் தடவாமல் வாங்கி வந்திருந்தால்?

ஆயுத பூஜை அன்று மனையில் எல்லாக் கம்புகளுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து வரிசையாகச் சாத்தியிருந்தார்கள். மகள் அதைக் கொண்டுபோய்க் கடைசியில் வைத்தாள். வாத்தியார் முதலில் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. எடுத்து, நடுவில் ஒற்றை விரலைக் கொடுத்து நிறுத்திப் பார்த்தார். சாயவில்லை. நாலு சுற்று சுற்றினார். “எடை மாறலையே” என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. அப்புறம் அன்றைக்கு எங்களை ஆட்டோவில் வீட்டில் கொண்டுவந்து விட்டார், காசு வாங்கவே இல்லை.

மூன்று வாரத்தில் ஒரு பூண் லேசாக ஆடியது. திரும்பக் கொண்டுபோனோம். அரக்கைச் சூடாக்கிப் பத்து நிமிடத்தில் இறுக்கிக் கொடுத்தார், கூலி வாங்கவில்லை. இப்போது வரை அசையவில்லை.

போகிறவர்கள் காலை பதினொரு மணிக்கு மேல் போங்கள், மதியம் சாப்பாட்டு நேரத்தில் சாத்தியிருக்கும். நூலில் அளவு எடுத்துக்கொண்டு போகாதீர்கள். பிரம்பு இரண்டு முனையிலும் ஒரே பருமன் இருக்காது, கம்பையே கொண்டுபோக வேண்டும். இன்னொன்று, இது அலங்காரமாகச் சுற்றிக் காட்டுகிற கம்புக்கு மட்டும். பிள்ளைகள் எதிரெதிர் நின்று மோதிப் பழகும் கம்புக்குப் பூண் வேண்டவே வேண்டாம், பட்டால் மண்டை பிளக்கும். வாத்தியாரும் மோதும்போது இதை எடுப்பதில்லை. அதற்கு வேறு கம்பு வைத்திருக்கிறார், முனையில் அதே சைக்கிள் டியூப், கறுப்பு டேப்.