உச்சிப்புளி, மண்டபம் பக்கம் மனை வாங்குகிறவர்களே, வடிகால் எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள்

ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவில், கடலுக்குப் பக்கமாக மனை பார்த்துக்கொண்டிருப்பவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். புகார் விசாரணையில் இருப்பதால் விற்றவரின் பெயரை எழுதவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

நான் ஏமாந்தது பத்திரத்தில் இல்லை. டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி உண்மை. ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் உண்மை. வில்லங்கச் சான்றும் சுத்தம். வக்கீலிடம் காட்டித்தான் 5 சென்ட் வாங்கினேன். மழைத்தண்ணீர் எந்த வழியாக வெளியே போகும் என்று வக்கீலும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

மே மாத வெயிலில் காட்டினார்கள். 6 ஏக்கர், இரண்டடி உயரத்துக்குச் சவுடு மண் அடித்து நிரவியிருந்தது. தார்ச்சாலை, இரண்டு ஓரமும் சிமென்ட் வடிகால், மேலே மூடுபலகை. சாலையோரமாக 12 மழைநீர் சேகரிப்புத் தொட்டிகள். மேனேஜர் ஒரு மூடியைத் தூக்கிக் காட்டினார். உள்ளே ஜல்லியும் மணலும் காய்ந்துபோய்க் கிடந்தன. "சார், இது கடக்கரை மண்ணு. ஒரு சொட்டு நிக்காது, அப்படியே குடிச்சிரும்" என்றார். வேலிக்கு வெளியே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "தம்பி, இது ஓடைத்தண்ணி போற வழியாச்சே" என்றார். மேனேஜர் என் கையைப் பிடித்து அடுத்த மனைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அந்தப் பெரியவரிடம் ஐந்து நிமிடம் நின்று பேசியிருந்தால் இந்தப் பதிவுக்கே வேலை இருந்திருக்காது.

2024 ஆவணியில் பால் காய்ச்சிக் குடிபோனோம். ஐப்பசி மழை தொடங்கி இரண்டாவது வாரமே வாசலில் தண்ணீர். வடியவே இல்லை. அப்புறம் நவம்பர் 20. அன்றைக்கு ராமேஸ்வரத்தில் 40 சென்டிமீட்டரைத் தாண்டிப் பெய்தது எல்லோருக்கும் தெரியும். எங்கள் அடுப்படியில் முழங்கால் அளவு. செப்டிக் டேங்க் நிறைந்து, குளியலறைத் துவாரம் வழியாகக் கழிவு மேலே வந்தது. அம்மா இரண்டு ராத்திரி கட்டிலை விட்டு இறங்கவில்லை.

மனைப்பிரிவு போட்டு விற்ற புரோமோட்டருக்குப் போன் செய்தால், "இயற்கைச் சீற்றத்துக்கு நாங்க என்ன சார் பண்றது?" என்கிறார். நவம்பர் 20 மழைக்கு ஊரே மிதந்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சாதாரண ஐப்பசி மழைக்கே நின்ற தண்ணீருக்கு என்ன பதில்? அதற்கு இன்றுவரை பதில் இல்லை.

மழை விட்டதும் நானும் பக்கத்து மனைக்காரரும் கடப்பாரையோடு வடிகாலின் மூடுபலகைகளை ஒவ்வொன்றாக நெம்பிக்கொண்டே போனோம். தென்கிழக்கு மூலையில் வடிகால் சுற்றுச்சுவரில் போய் முட்டி நிற்கிறது. ஓட்டை இல்லை, குழாய் இல்லை. சுவரைத் தடவிப் பார்த்தேன், வழவழவென்று பூசியிருக்கிறார்கள். ஆறு ஏக்கர் தண்ணீரும் அங்கே போய் முட்டி எங்கள் வாசலுக்கே திரும்பி வருகிறது.

சுவரை உடைத்துவிடலாம் என்று ஒரு தம்பி சம்மட்டியை எடுத்தான். சுவருக்கு அந்தப் பக்கம் இருபது, இருபத்தைந்து வீடுகள், எல்லாம் பள்ளத்தில். அங்கிருந்து ஓர் அக்கா, "நீங்க மண்ணடிச்சதுலேருந்து எங்க வீட்டுலயும்தான்ய்யா நிக்குது, இதையும் தொறந்து விடப்போறீகளா?" என்று கேட்டார். சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டோம். நாங்கள் காசு கொடுத்து வாங்கிய மேடு அவர்கள் வீட்டுக்குள் தண்ணீரைத் தள்ளியிருக்கிறது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

சேகரிப்புத் தொட்டிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நவம்பர் முதல் வாரத்தில் இரண்டு நாள் மழை இல்லாதபோது ஒரு மூடியைத் திறந்தேன். வாய்க்கு ஒரு அடி கீழே தண்ணீர். அது மழை நிரப்பிய தண்ணீர் இல்லை, அடியிலிருந்து ஏறிய நிலத்தடி நீர். இந்தக் கரையில் மணலைக் கையால் தோண்டி, ஊறுகிற தண்ணீரைச் சிரட்டையில் மொண்டு குடம் நிரப்பியவர்கள் நாம். கோடையில் மணல் குடிக்கும், சரி. ஐப்பசி, கார்த்திகையில் நீர்மட்டம் மேலே வந்துவிட்டால் இந்தத் தொட்டிகளுக்குப் பத்தடி உறை (சிமென்ட் வளையம்) இறக்கி என்ன பயன்?

கணக்கையும் பாருங்கள். மூன்றடி அகலம், பத்தடி ஆழமுள்ள ஒரு உறைக்குழி, காலியாக இருந்தாலே சுமார் 2,000 லிட்டர்தான் கொள்ளும். 12 குழிக்கு 24,000 லிட்டர். ஆறு ஏக்கரில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழுவது சுமார் 24 லட்சம் லிட்டர். 2003-லிருந்து தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம், அது நல்ல சட்டம், வேண்டும். ஆனால் கூரைத் தண்ணீரை நிலத்துக்குள் இறக்கும் ஏற்பாடு வேறு, மொத்த இடத்துத் தண்ணீரையும் வெளியேற்றும் வடிகால் வேறு. முதலாவதைக் காட்டி இரண்டாவதை மறைத்துவிட்டார்கள்.

பிறகுதான் காகிதங்களைத் தேடினேன். கிராம வரைபடத்திலும் புலப்படத்திலும் (சர்வே எண் வாரியான அளவு வரைபடம்) எங்கள் மனைப்பிரிவின் கிழக்கு எல்லையை ஒட்டி ஓடைப் புறம்போக்கு தெளிவாக இருக்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டு, அனுமதிக்காக நீர்வளத் துறை கொடுத்த தடையின்மைச் சான்றின் நகலை வாங்கினேன். அதில் நிபந்தனைகள் இருக்கின்றன: இடத்தை இவ்வளவு உயர்த்த வேண்டும், ஓடையை அடைக்கக் கூடாது, நுழைவுச் சாலை ஓடையைக் கடக்கும் இடத்தில் குழாய்ப் பாலம் கட்ட வேண்டும், உள் வடிகாலை ஓடையில் சேர்க்க வேண்டும். மண்ணடித்தது ஒன்றைத்தான் செய்திருக்கிறார்கள், அது மனை விற்க உதவும் என்பதால். குழாய்ப் பாலம் வரைபடத்தில் இருக்கிறது. தரையில் அந்த இடத்தில் கெட்டியாக மண்ணைக் கொட்டி மேலே தார் போட்டிருக்கிறது. நான் தினமும் அதன் மேல்தான் வண்டியில் போய் வருகிறேன்.

ஆகவே மனை பார்க்கிறவர்கள் அனுமதி எண்ணோடு திருப்திப்பட்டுவிடாதீர்கள். அனுமதி ஆணையையும் நீர்வளத் துறையின் சான்றையும் நிபந்தனைப் பக்கங்களோடு கேளுங்கள். தரமாட்டேன் என்றால் அந்த இடம் வேண்டாம். வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு வடிகாலின் கடைசி வரை நடங்கள், அது ஓடையிலோ கண்மாயிலோ சேர்கிறதா என்று கண்ணால் பாருங்கள். முடிந்தால் கார்த்திகையில் போய்ப் பாருங்கள். பக்கத்துக் குடியிருப்பில் போன மழைக்குத் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள், சுவரில் கறையைக் காட்டுவார்கள்.

ஏற்கெனவே வாங்கி மாட்டிக்கொண்டவர்களுக்கு: ரெரா சட்டத்தின் 14-வது பிரிவில், இடத்தை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் வேலையிலோ வசதிகளிலோ உள்ள குறையைச் சுட்டிக்காட்டினால் புரோமோட்டர் 30 நாளுக்குள் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். வாயால் சொல்லாதீர்கள், பதிவுத் தபாலில் அனுப்புங்கள். நாங்கள் ஒன்பது பேர் சேர்ந்து அனுப்பினோம், 30 நாள் கழித்துப் புகார் கொடுத்தோம். சுவருக்கு அந்தப் பக்கத்து மக்களும் ஓடையைத் திறந்துவிடச் சொல்லிக் கலெக்டர் அலுவலகத்தில் தனியாக மனு கொடுத்திருக்கிறார்கள். அதில் கடைசிப் பக்கத்தில் எங்கள் ஒன்பது பேர் கையெழுத்தும் இருக்கிறது.