வேனுக்குள் வெந்நீர்: மூன்று வருடக் கணக்கு

கோலாலம்பூர் வெயிலில் நிற்கிற வேனுக்கு ஹீட்டரா என்று சிரிக்காத ஆளில்லை. சிரித்தவர்கள் யாரும் கேமரன் மலையில், பிரிஞ்சாங்கில், விடியற்காலை நான்கு மணிக்கு வேனுக்குள் படுத்ததில்லை. சுமார் 1,500 மீட்டர் உயரம். ராத்திரி 15, 16 டிகிரிக்கு இறங்கிவிடும். தகரச் சுவரில் கை வைத்தால் ஐஸ்பெட்டி மாதிரி இருக்கும்.

செந்தூலில் ஒரு பழைய வேனை வாங்கி, கட்டிலும் அடுப்பும் வைத்து மூன்று வருடமாகிறது. 12 வோல்ட்டில் ஓடும் 10 லிட்டர் வெந்நீர் டாங்கி (300 வாட்), 2 கிலோவாட் டீசல் ஹீட்டர், 100 ஆம்ப்-அவர் லித்தியம் பேட்டரி.

தினமும் உழைப்பது டாங்கிதான். பத்து லிட்டர் ஒரு ஆளுக்கே பத்தாது என்று நினைத்தேன். 60 டிகிரிக்குக் காய்ச்சி, குழாய்த் தண்ணீரைக் கலந்து 40 டிகிரிக்குக் கொண்டுவந்தால், கோலாலம்பூரில் 25 லிட்டர் கிடைக்கிறது. மலையில் தண்ணீரே 18 டிகிரியில் வருவதால் 19 லிட்டர்தான். பார்த்து ஊற்றினால் இரண்டு பேர் குளிக்கலாம். காய்வதற்கு அங்கே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், பேட்டரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். அதனால் மலையடிவாரத்துத் தாப்பாவில் ஹைவேயை விட்டு இறங்கியதுமே சுவிட்சைப் போட்டுவிடுவேன். வண்டி ஓட ஓட சார்ஜ் ஏறும். வளைவெல்லாம் ஏறி முடிக்கும்போது தண்ணீர் தயார். ஒன்று மட்டும்: இளஞ்சூட்டிலேயே நாள் கணக்கில் தேக்கி வைக்காதீர்கள், கிருமி வளரும்.

ஹீட்டர் கதை வேறு. முதல் வருடம் மாமியாரும் கூட வந்திருந்தார். ராத்திரி குளித்துவிட்டு, தலையில் சுற்றிய துண்டோடு உட்கார்ந்து, "தம்பி, சூடா காத்து வரும்னீங்களே?" என்றார். எனக்காக டாங்கி மறுபடி காய்ந்துகொண்டிருந்தது. ஹீட்டர் பட்டனை அழுத்தினேன். விசிறி சுற்றியது, டீசல் பம்ப் டிக் டிக் என்று அடித்தது, ஒரு வாய் வெள்ளைப் புகை, அணைந்துவிட்டது. மூன்று தடவை. அத்தை ஒன்றும் பேசாமல் என் ஜாக்கெட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

வயரிங் செய்த ஒர்க்‌ஷாப், டாங்கிக்கும் ஹீட்டருக்கும் சேர்த்து ஒரே மெல்லிய வயரை இழுத்திருந்தது பிறகுதான் தெரிந்தது. டாங்கி 25 ஆம்பியர் இழுக்கும்போது, டீசலைப் பற்றவைக்கிற குளோ பிளக்குக்கு வோல்ட்டேஜ் பத்தவில்லை. பேட்டரி நிறைந்திருந்து என்ன பயன்? தனித்தனியாகத் தடித்த வயரும் ஃபியூஸும் போட்டபின் அந்தத் தொல்லை இல்லை.

இரண்டாம் வருடம் ஹீட்டருக்குள் கரி அடைத்தது. அது என் தப்பு. சத்தம் பிடிக்காமல் எப்போதும் குறைந்த வேகத்திலேயே ஓட்டினேன். மலையில் காற்றும் லேசு, டீசல் முழுசாக எரிவதில்லை. இப்போது அணைக்கும் முன் கால் மணி நேரம் முழு வேகத்தில் விடுகிறேன்.

உண்மையில் குளிரைவிட ஈரம்தான் எதிரி. ஒரு கிலோ சமையல் கேஸ் எரிந்தால் ஒன்றரை கிலோவுக்கும் மேல் நீராவி வரும். கோப்பி ஓ (பால் விடாத காப்பி) கலக்கிவிட்டு மூன்று பேர் படுத்தால், விடிவதற்குள் கண்ணாடியில் தண்ணீர் கோடு கோடாக வழியும், தலையணை நமத்துப்போகும். அடுப்பைப் பற்றவைத்துக் குளிர்காயலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும். டீசல் ஹீட்டரின் புகை வண்டிக்கு அடியில் வெளியே போய்விடுகிறது, உள்ளே வருவது காய்ந்த காற்று. அப்படியும் கட்டில் பக்கத்தில் அலாரம் மாட்டியிருக்கிறேன். பினாங்கில், பத்து ஃபெரிங்கி கடலோரத்தில், அக்டோபர் மழையில் நனைந்த துணியெல்லாம் காய்ந்தது இந்த ஹீட்டரில்தான். வியர்த்துக்கொண்டே காயவைத்தோம்.

ஒரு ராத்திரிக்கு ஒன்றரை லிட்டருக்குள் டீசல். வருடத்தில் பத்து ராத்திரி போட்டால் அதிகம். கையில் காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் டாங்கியை வாங்குங்கள், ஹீட்டருக்குப் பதில் நல்ல கம்பளி போதும். என் டாங்கியில் இப்போது வாஷர் சொட்டுகிறது. அடுத்த பயணத்துக்கு முன் மாற்றவேண்டும்.