கலாஞ்சோவும் ஹால் ட்யூப் லைட்டும்

புது வீட்டுக்குக் குடிபோகும் நண்பர் ஒருவர், ஹாலில் கலருக்குப் பூச்செடி வைக்கலாம் என்று இருக்கிறேன், கலாஞ்சோ சரியா வருமா என்று கேட்டிருந்தார். ஆந்தூரியம் என்கிற இன்னொரு தொட்டிப் பூச்செடியையும் கலாஞ்சோவையும் சில வருடங்களாகச் சென்னையில் ஒரே ஜன்னலோரம் வைத்து வளர்க்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மண்கலவை, வெயில் பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். தண்ணீரை மட்டும் மேல்மண் காய்ந்த பிறகு ஊற்றுங்கள். தினமும் ஊற்றினால் தண்டு அடியில் அழுகிவிடும்.

என் எரிச்சல் வேறு. "வருஷம் பூரா பூக்கும் சார்" என்று சொல்லித்தான் இதை விற்கிறார்கள். வாங்கும்போது இருக்கிற பூ வாரக்கணக்கில் நிற்கும், அது உண்மை. வாடிய பிறகு செடி பச்சைப் பசேலென்று வளரும், இலை தடிக்கும், கிளை விடும், ஒரு மொட்டு வராது. கேட்டால் உரம் போடுங்கள் என்பார்கள். இந்தச் செடிக்குக் குறைவது உரம் இல்லை, இருட்டு.

இரவு நீளமாக இருந்தால்தான் கலாஞ்சோ இலை விடுவதை நிறுத்திவிட்டு மொட்டுக் கட்டும். வியாபாரத்துக்கு வளர்ப்பவர்கள் தினமும் 14 மணி நேரம் இருட்டு என்று ஆறு வாரம் கணக்கு வைத்துக் கருப்புத் துணி போட்டு மூடுகிறார்கள். மடகாஸ்கர் காட்டுச் செடி இது. 1930-களில் ஜெர்மனியில் பிளாஸ்ஃபெல்ட் என்பவர் இதைத் தொட்டிச் செடியாகச் சந்தைக்குக் கொண்டுவந்தார். பெர்லினில் டிசம்பர் இரவு 16 மணி நேரத்தைத் தாண்டும். சென்னையில் டிசம்பர் கடைசியில்கூட ஏறக்குறைய 12 மணி 40 நிமிடம்தான். அதிலும் ஹாலில் பதினோரு மணி வரை லைட் எரிந்தால் செடிக்கு ஏது இரவு? நடுராத்திரியில் தண்ணீர் குடிக்க எழுந்து கொஞ்ச நேரம் லைட்டைப் போட்டால்கூட, ஒரு நீண்ட இரவு இரண்டு குட்டி இரவாக உடைந்துபோகும்.

ஆகவே அட்டைப்பெட்டி. சாயங்காலம் ஐந்தரைக்குச் செடிமேல் கவிழ்க்க வேண்டும், காலை ஏழரைக்கு எடுக்க வேண்டும், ஆறு வாரம் ஒருநாள் விடாமல். "விளக்கு வைக்கிற நேரத்துல செடியை மூடி வைக்கிறதாவது" என்று அம்மாவுக்கு இதில் இன்னமும் உடன்பாடில்லை. ஊருக்குப் போகவேண்டி வந்தால் பக்கத்து வீட்டில் பெட்டியைப் பற்றி விளக்கிச் சொல்லிவிட்டுத்தான் கிளம்ப முடியும்.

கடைக்காரரை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. அவர் கைக்கு வரும்போதே செடி பூவோடுதான் வருகிறது, இருட்டடிப்பு வேலையெல்லாம் பசுமைக்குடிலிலேயே முடிந்திருக்கும். ஆனால் அங்கே தெரிந்த விஷயம்தானே, தொட்டியில் ஒரு வரி எழுதி ஒட்டினால் என்ன? பூ முடிந்ததும், இனி இது அவ்வளவுதான் என்று நினைத்து நல்ல உயிருள்ள செடியைக் குப்பைத் தொட்டி ஓரமாக வைத்துவிட்டுப் போகிறார்கள். பார்க்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. நம் ஊர் ரணகள்ளிக்குச் சொந்தக்காரச் செடி ஐயா இது, ஒரு துண்டுத் தண்டை நட்டாலே வேர் பிடிக்கும்.

ஆந்தூரியத்தில் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. பூ என்று நாம் சொல்கிற அந்தச் சிவப்பு உண்மையில் ஒருவகை இலைதான், நடுவில் நிற்கும் குச்சியில்தான் நிஜப் பூக்கள் பொடிப்பொடியாக இருக்கும். அதனாலேயோ என்னவோ ஒன்று விரிந்தால் ஒன்றரை, இரண்டு மாதம் அசையாமல் நிற்கிறது. ஜன்னல் வெளிச்சமும் கொஞ்சம் ஈரக்காற்றும் போதும். ட்யூப் லைட் எரிந்தாலும் அணைந்தாலும் அதற்கு ஒன்றுதான். இதுவரை நான் அதன்மேல் ஒரு குறையும் சொன்னதில்லை.

போன வாரம் பெட்டியை எடுத்தபோது கலாஞ்சோவின் கிளை நுனியில், புது இலை ஜோடி வரவேண்டிய இடத்தில், கடுகு மாதிரி பச்சை மணிகள் கொத்தாகத் திரண்டிருந்தன. ஒன்றிரண்டு நுனியில் லேசாக ஆரஞ்சு தெரிகிறது. விரிய இன்னும் சில வாரம் ஆகும். விரிந்துவிட்டால் நாலிதழ்ப் பூக்கள் இலையே தெரியாதபடி மூடிக்கொள்ளும், வாசலில் இருந்தே கண்ணில் படும். ஆந்தூரியத்தால் அது முடியாது.

ஹாலில் ஒரே ஒரு தொட்டிக்குத்தான் இடம் என்றால் கலாஞ்சோவே வாங்குங்கள். பூ முழுக்க விரிந்ததை விட்டுவிட்டு, மொட்டு அதிகமாக இருக்கிற தொட்டியாகப் பார்த்து எடுங்கள், நாள்கணக்கில் லாபம். வீட்டில் பூனை, நாய் இருந்தால் மட்டும் வேண்டாம். கடித்தால் கலாஞ்சோ அவற்றின் இதயத்தைப் பாதிக்கும், ஆந்தூரியம் வாயைப் புண்ணாக்கும்.