உடனிருப்பா, கூடிவாழ்தலா?

ஸ்பெயினின் கோர்தோபா நகரத்துப் பெரிய பள்ளிவாசலைப் பற்றிய ஸ்பானியக் குறிப்பொன்றைத் தமிழாக்கியபோது, 'கோஎக்சிஸ்தென்சியா', 'கொன்விவென்சியா' ஆகிய இரு சொற்களையும் தமிழில் எப்படிப் பிரித்துக் காட்டுவது என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. இரண்டையும் 'சகவாழ்வு' என்று எழுதிவிட்டுப் போகலாம். எனக்கு மனம் வரவில்லை.

முதற்சொல்லின் வேர் 'இருத்தல்'. பிரெஞ்சு, இத்தாலியம், ஜெர்மன் மொழிகளிலும் ஏறத்தாழ இதே வடிவம்தான். அதில் சிக்கல் இல்லை. இரண்டாவது, 'கூடி வாழ்தல்' என்னும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. விருந்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லுக்கும் அதுவே வேர். அதன் இத்தாலிய இணையான 'கொன்விவென்சா', மணம் முடிக்காமல் இணைந்து வாழ்வோரைக் குறிக்கும் சட்டச் சொல்லாக 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெற்றிருக்கிறது. இடைக்கால ஸ்பெயினில் முஸ்லிம்களும் கிறித்தவர்களும் யூதர்களும் வாழ்ந்த வாழ்க்கைக்கு வரலாற்றாசிரியர் அமெரிக்கோ காஸ்த்ரோ 1948இல் கையாண்டதும் கொன்விவென்சியாவையே.

சொல் எவ்வளவு வாக்குறுதி தருகிறது என்பதே என் தேர்வைத் தீர்மானித்தது. கோர்தோபா 1236இல் கிறித்தவர் வசமானபின் பேராலயமாக்கப்பட்ட அப்பள்ளிவாசலின் நடுப்பகுதியை 1523இல் இடித்துப் புதிய ஆலயக் கூடம் எழுப்பத் தொடங்கியபோது, நகர மன்றமே அதை எதிர்த்தது. செங்கல்லும் வெண்கல்லும் மாறிமாறி அமைந்த வளைவுகள் சட்டென முடிந்து, வெளிறிய உயரமான கூடம் தொடங்கும் இடத்தில் விருந்தின் வாடையே கிடையாது. இருக்கின்றன, அவ்வளவுதான். அதைத் தாண்டி எதையும் சொல்லாத முதற்சொல்லின் அடக்கமே எனக்குப் பிடித்திருக்கிறது.

ஜெர்மன் மொழி எனக்கு வாசிக்க மட்டுமே தெரியும். ஆனாலும், பக்கத்தில் பக்கத்தில் இருப்பதை 'நேபனைனாண்டர்' என்றும், ஒன்றோடொன்று கலந்திருப்பதை 'மிட்டைனாண்டர்' என்றும் அது பிரிப்பது பொறாமைப்பட வைக்கிறது. முதலாளிய நாடுகளோடு போரின்றி இருக்கலாம் என்று 1956இல் சோவியத் தலைவர் குருஷ்சேவ் முன்வைத்த கொள்கையின் ரஷ்யப் பெயரும் இருப்பைத்தான் சுட்டுகிறது. அந்த இருப்பு தமிழில் 'சமாதான சகவாழ்வு' ஆனபோது, நாம் வாழ்வையும் சேர்த்துக் கொடுத்துவிட்டோம். நாடுகளுக்கு அது பொருந்தலாம், கல்லுக்குப் பொருந்தாது.

ஆகவே, வளைவுகளும் ஆலயக் கூடமும் ஒரே சுவர்களுக்குள் 'உடனிருக்கின்றன' என்றே எழுதினேன். அடுத்த பத்தியில் ஒரே தெருவில் குடியிருந்த மக்களைப் பற்றிய வரி வந்தது. அங்கே மட்டும் 'கூடிவாழ்ந்தனர்' என்று போட்டேன்.