வயரா, வைஃபையா: ஒரு தொடர்மாடி வீட்டின் கணக்கு

வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில், நான்காம் மாடியில் இருக்கிறோம். நான் வீட்டிலிருந்து வேலை செய்கிறேன். மனைவி பின்னேரங்களில் சூமில் கணிதம் படிப்பிக்கிறார். போன மாதம்தான் மூன்று அறைக்கும் கேபிள் இழுத்து முடித்தோம். ஆகவே இதை நடுநிலையான அலசல் என்று யாரும் நம்பிவிட வேண்டாம், நான் வயர் கட்சி.

வைஃபையின் வசதி எல்லாருக்கும் தெரிந்தது. சுவரில் துளை வேண்டாம், போனுக்கு வேறு வழியே இல்லை, வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடம் கெஞ்சத் தேவையில்லை. பெட்டியில் அச்சிட்டிருக்கும் வேகத்தைப் பார்த்தால் வயரையே மிஞ்சும்.

எங்களுக்குத் தலையிடி வந்தது இரவு ஏழு மணிக்கு. வகுப்பு நடக்கும்போது மனைவியின் குரல் அறுந்து அறுந்து போகும். காலையில் அதே அறை, அதே லப்டொப், ஒரு குறையும் இராது. இணைப்புத் தந்த கம்பனியைத் திட்டினோம், பெரிய பக்கேஜுக்கு மாறினோம், பலனில்லை. கடைசியில் போனில் ஒரு செயலியைப் போட்டுப் பார்த்தால், எங்கள் வரவேற்பறைக்குள் 27 வைஃபை பெயர்கள்! வைஃபை ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சனல்கள், அதாவது தனித்தனிப் பாதைகள், 1, 6, 11 என்று மூன்றுதான். ஒரே சனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம். மற்றவர் பேசுகிறாரா என்று ஒவ்வொரு கருவியும் காதுகொடுத்து, அடங்கியதும் கொஞ்சம் பொறுத்து அனுப்பும். மோதிக்கொண்டால் மறுபடி முதலிலிருந்து. மேல்மாடிக்காரர் படம் பார்க்க, இங்கே முக்கோணவியல் காத்திருக்கும். பெரிய பக்கேஜ் இதற்கு என்ன செய்யும்?

வைஃபையின் இன்னொரு அலைவரிசையான 5 கிகாஹெர்ட்ஸில் சனல்கள் அதிகம். ரவுட்டர் இருக்கும் அறையில் அருமையாக ஓடியது, ஆனால் இரண்டு கொங்கிரீட் சுவர் தாண்டியதும் களைத்துவிட்டது.

வயரில் இந்த வரிசையே கிடையாது. கேபிள்களைப் பிரித்துக் கொடுக்கும் நெட்வேர்க் சுவிட்ச் பெட்டியிலிருந்து அறைக்கு ஒரு கேபிள், போவதும் வருவதும் ஒரே நேரத்தில். உள்ளே நான்கு சோடிச் செம்புக் கம்பிகள் முறுக்கிக் கிடக்கும். வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் சோடியின் இரண்டு கம்பியிலும் கிட்டத்தட்ட ஒரே அளவில் ஏறுவதால், மறுமுனையில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கும்போது அது காணாமல் போய்விடும். நாங்கள் போட்ட கேட் 6 தரக் கேபிளில் 100 மீற்றர் வரை வினாடிக்கு ஒரு கிகாபிட் ஓடும். எங்கள் வீட்டின் ஆக நீளமான ஓட்டமே 14 மீற்றர்.

கேபிள் வாங்குவதில்தான் கவனம் வேண்டும். புறக்கோட்டையில் மலிவாகக் கிடைத்ததென்று முதலில் ஒரு சுருளைத் தூக்கிக்கொண்டு வந்தேன். கம்பியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளை, செம்பு பூசிய அலுமினியம். இரண்டு தரம் வளைத்தால் முறிகிறது, மின்தடையும் கூட. அந்தக் காசு போனதுதான். அப்புறம் கடையிலேயே சுரண்டிப் பார்த்து வாங்கினேன். கடைக்காரர் முறைத்தார், சரி, முறைக்கட்டும்.

வீட்டுக்கு வெளியே என்றால் செம்பையும் நான் நம்ப மாட்டேன். முன்பிருந்த தொலைபேசி வயரில் ஒரு சித்திரை மாத மின்னல் இறங்கி மோடம் கருகியது. இப்போது வருவது ஃபைபர். கண்ணாடி இழையில் மின்சாரம் ஏறாது.

வைஃபை 6 என்ற புதிய தலைமுறை ரவுட்டரை நண்பன் வீட்டில் ஒரே ஒரு பின்னேரம் பாவித்தேன், நன்றாகவே இருந்தது. ஆனால் அவனுடையது மகரகமவில் தனி வீடு, அக்கம்பக்கத்து வைஃபை நாலைந்துதான். அதை வைத்துத் தொடர்மாடிக்குத் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை.

போன்களும் டிவியும் இன்னும் வைஃபையில்தான். சாப்பாட்டு மேசைக்கு மேலால் கேபிளைச் சுமந்து ஓடும் வெள்ளைப் பிளாஸ்டிக் குழாயை அம்மா மட்டும் தினமும் ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போகிறார்.